செய்தியைச் சலித்தறிதல்: சித்தூர், திருப்பதி தரும் பாடங்கள்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அன்றைய சித்தூர் மாவட்டத்தில் ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத் தலைவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உடல்நலம் குன்றித் திருப்பதிக்குச் சென்று மருத்துவம் பெற்றுத் திரும்பியவர் அவர். தொற்று ஒன்று இருப்பதாக மருத்துவர் கூறியதைக் கேட்டவர், ஊர் திரும்பியபின் கொரோனா நோய் பற்றிய காட்சிகளைக் கைபேசியில் தொடர்ந்து பார்த்தார். தமக்கு வந்திருப்பதும் அதுவே என்று முடிவு செய்தார். மனைவி மக்களை நெருங்கவிடாமல் விலக்கி வைத்தார். அவர்களைக் காப்பதாக எண்ணியே இறுதி முடிவையும் எடுத்தார். அவருக்கு அந்நோய் இல்லை என்று மருத்துவர்கள் பின்னர்த் தெரிவித்தனர். அந்நாளில் ஆந்திர மாநிலத்தில் ஒருவருக்குக்கூட நோய் உறுதி செய்யப்பட்டிருக்கவில்லை. மாநிலத்தின் முதல் நோயாளி நெல்லூரில் கண்டறியப்பட்டது மார்ச் 12-ஆம் நாளில்தான்.

இந்நிகழ்ச்சியைப் பொய்ச் செய்தியின் விளைவு என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆயின், அவ்வேளையில் கைபேசிகளில் உலவியவை யாவும் பொய்யென்று கூற இயலாது. நோய் உண்மை, சீனத்தில் மக்கள் மாண்டதும் உண்மை. அச்செய்தி தம் ஊருக்கும் தம் உடலுக்கும் பொருந்துமா என்பதை அவருக்கு எடுத்துரைக்கத்தக்க ஒருவர் மட்டுமே அங்கு இல்லை. கேள்வி கேட்டால் மறுமொழி கூறும் வாயில் அவருக்கு எட்டாத தொலைவில் இருந்தது. மறுமொழி கூறாத வாயில் அவரது கையிலேயே இருந்தது.

செய்தியைச் சலித்தறிதல் என்னும் பொருளை ஆராயப் புகுவோர் இந்த வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். செய்தித்தாளுக்கும் கைபேசிக்கும் உள்ள வேறுபாடு காகிதத்திற்கும் மின்திரைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமன்று. ஒரு செய்திக்குப் பொறுப்பேற்று, வினவுவோருக்கு விடையளித்து, தவறு நேர்ந்தால் திருத்துவோர் யார் என்பதே அடிப்படைக் கேள்வியாகும். இக்கேள்வியைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் அனுபவங்களைக் கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

எல்லை மாவட்டத்தின் செய்தி வழிகள்

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960-இல் எல்லைச் சீரமைப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு பன்முறை மாறிய போதிலும், தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் மக்கள் வாழ்க்கை மாறவில்லை. வேலூரிலும் சென்னையிலும் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் சித்தூர்ச் சிற்றூர்களில் பல உள்ளன. ஆகவே இங்குச் செய்தி இரு மொழிகளில் வருகிறது. இரு மாநிலங்களிலிருந்து வருகிறது. வதந்தியும் அவ்வாறே வருகிறது.

அச்சிதழ் இவ்வட்டாரச் சிற்றூர்களுக்குள் ஆழமாகப் புகுந்தது 1970-களுக்குப் பின்னரே எனலாம். 1974-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் விசாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட ‘ஈநாடு’ நாளிதழ், மாநிலத்தின் பல நகரங்களிலிருந்து பதிப்புகள் வெளியிடும் முறையைக் கைக்கொண்டது. 1989 முதல் மாவட்டந்தோறும் தனி இணைப்பை வெளியிடலாயிற்று. பிற தெலுங்கு இதழ்களும் அம்முறையைப் பின்பற்றின. தலைநகரச் செய்தியை மட்டும் படித்து வந்த வாசகர் தம் ஊர்க் குடிநீர்த் தொட்டியையும், பள்ளிக் கட்டடத்தையும், பேருந்து வசதியின்மையையும் அச்சில் காணத் தொடங்கினர்.

இதன் வலிமை 1992-இல் வெளிப்பட்டது. சித்தூரை அடுத்த நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா சிற்றூரில், எழுத்தறிவு வகுப்பில் பயின்ற பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தனர். மாவட்டப் பக்கங்களில் இடம்பெற்ற அச்செய்தி ஊர் ஊராகப் பரவியது. சித்தூர் மாவட்டத்திலும் பெண்கள் திரண்டனர். 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. சிற்றூரில் தோன்றிய ஒரு குரல் அச்சேறி அரசின் ஆணையாக முடிந்தமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

மகளிர் நடத்திய இதழ்

மேற்கூறிய இயக்கத்தில் பெண்கள் செய்திக்குரியோராக இருந்தனர், செய்தியாளராக இருக்கவில்லை. அடுத்த படி சித்தூர் மாவட்டத்திலேயே எடுத்து வைக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டில், மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த ஊரகப் பெண்கள், வறுமை ஒழிப்புத் திட்டத்தின் துணையோடு ‘நவோதயம்’ என்னும் தெலுங்கு இதழை வெளியிடத் தொடங்கினர். முதலில் காலாண்டிதழாக வந்து பின்னர் மாத இதழாயிற்று. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களும் அதன் செய்தியாளர்களாயினர். சிற்றூர்களுக்குச் சென்று செய்தி திரட்டுதல், எழுதுதல், தொகுத்தல் ஆகிய பணிகளை அவர்களே மேற்கொண்டனர். குழந்தைத் திருமணம், குடிப்பழக்கம், குழுக் கடன், பெண்களின் உடல்நலம் ஆகியவை அவர்கள் எழுதிய பொருள்களாகும்.

இம்முயற்சிக்கு இணையாக உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட ‘கபர் லஹரியா’ இதழைக் கூறலாம். ஊரகப் பெண்கள் வட்டார மொழியில் நடத்திய அவ்விதழ் 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசைப் பெற்றது. பின்னர் அச்சை விடுத்து முழுவதும் மின்வழிக்கு மாறியது.

இவ்விரு முயற்சிகளும் நமக்கு உணர்த்துவது யாது? தொழில்முறைச் செய்தியாளரல்லாத குடிமக்கள் தரும் செய்தி நம்பத்தகாதது என்னும் எண்ணம் பொருந்தாது என்பதே. ஒரு பெண் தம் பக்கத்து ஊரில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, மறுநாள் அதே ஊர் வழியே நடந்து செல்ல வேண்டியவராகவும் இருக்கிறார். எழுதியதற்கு அவரை நேரில் நிறுத்திக் கேட்க முடியும். இத்தகைய அண்மையே ஒரு பொறுப்பாக அமைகிறது. அதனுடன், எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்த்து வினவும் தொகுப்பு முறையும் சேரும்போது, குடிமக்கள் செய்தி நாளிதழ்ச் செய்திக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததாகாது.

கைபேசி வழிச் செய்தி

கைபேசியில் வரும் செய்தியில் அண்மை உண்டு, விரைவு உண்டு. மழைக்காலத்தில் ஏரிக்கரையில் நிற்பவர் எடுக்கும் படம், நாளிதழ் அச்சாகும் முன்னரே மாவட்ட ஆட்சியரைச் சென்றடையும். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்து, அருகிலுள்ள ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டபோது, தாழ்வான ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய வேளையில் நாளைய செய்தித்தாளுக்காகக் காத்திருத்தல் இயலாது. எனினும், நீர் கசியும் படம் ஒன்று கசிவைக் காட்டுமேயன்றி, நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையோ, பொறியாளர் என்ன செய்கிறார் என்பதையோ காட்டாது. நாள் குறிப்பிடப்படாத அதே படம் அடுத்த ஆண்டு மழையிலும் புதிய படம் போலத் திரும்பி வரவும் கூடும்.

இடமும் நாளும் பெயரும் உதிர்ந்துபோன செய்தி எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதை 2018-ஆம் ஆண்டு மே மாதம் நாடு கண்டது. வடமாநிலத்தவர் குழந்தைகளைக் கடத்துகின்றனர் என்னும் ஒலிப்பதிவுகளும் படங்களும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் ஆந்திர, தெலங்கானா மாநிலங்களிலும் வாட்ஸ்அப் வழியே பரவின. மே 9-ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து உறவினருடன் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்த காரணத்தால் ஐயத்திற்குள்ளாகிக் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவரைத் தாக்கியவர்களுள் எவரும் கடத்தப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டவரல்லர். பார்த்தவர் இல்லாத செய்தியை ஒரு வட்டாரமே நம்பியது.

அதே காலத்தில் தெலங்கானாவின் ஜோகுலாம்பா கத்வால் மாவட்டத்தில் வேறு விளைவு ஏற்பட்டது. கோடைக்காலத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கும் மக்கள் அஞ்சி வீட்டிற்குள் முடங்குவதை ஊர்ப் பொறுப்பிலிருந்த காவலர்கள் கவனித்துத் தெரிவித்தனர். காவல்துறைக் கண்காணிப்பாளர் ரமா ராஜேஸ்வரி அக்காவலர்களை ஊர் ஊராக அனுப்பினார். தண்டோரா போடச் செய்தார். நாட்டுப்புறப் பாடல் வழியே விளக்கச் செய்தார். ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காவலர்களையும் சேரச் செய்தார். அங்கு ஓர் உயிரும் பலியாகவில்லை. செய்தியைச் சலிக்கும் பணியை ஒவ்வொரு தனி மனிதரிடமும் விட்டுவிடாமல், வினவினால் விடை கூறும் ஓர் ஆளை ஊருக்குள் நிறுத்தியதே இவ்வெற்றிக்குக் காரணமாகும்.

ஒரே நிகழ்ச்சி, இரு வழிகள்

2025-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் இரவு திருப்பதியில் நேர்ந்த நெரிசலை எடுத்துக்கொள்வோம். வைகுண்ட ஏகாதசியை முன்னிட்டு, இலவச தரிசனச் சீட்டு வழங்கும் நிலையங்கள் மறுநாள் அதிகாலையில் திறக்கப்படவிருந்தன. முதல் நாள் மாலையிலேயே பெருங்கூட்டம் திரண்டது. பைராகிப்பட்டேடா பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் பக்தர்கள் மாண்டனர்.

முதல் சில மணி நேரத்தில் கைபேசிகளில் வந்தவை கூட்டத்தின் கதறலும், மயங்கியவர்களைக் காப்பாற்ற முயலும் காட்சிகளுமாகும். அவை உண்மையானவை; ஓர் அதிகாரபூர்வ அறிக்கை என்றும் தர இயலாத சான்றுகள். ஆனால் எத்தனை பேர் மாண்டனர், ஏன் மாண்டனர் என்பதை அவற்றிலிருந்து அறிய இயலவில்லை. அன்றிரவு குறைவாகக் கூறப்பட்ட எண்ணிக்கை பின்னர் 6 என உறுதியாயிற்று. உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணை வெளியே அழைத்துவரக் கதவு திறக்கப்பட்டபோது கூட்டம் முந்தியது என்று முதலில் விளக்கம் கூறப்பட்டது. மறுநாள் நாளிதழ்கள் ஏற்பாடுகளின் குறைகளையும் பல துறையினரின் கூற்றுகளையும் அருகருகே வைத்து எழுதின. காரணத்தை ஆராய ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை அமைக்கப்பட்டது.

மாணவர் இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம். என்ன நடந்தது என்பதை அருகில் நின்றவரின் காட்சி முதலில் கூறும். எத்தனை, எங்கே, யார் என்பவற்றை மருத்துவமனையையும் காவல்நிலையத்தையும் கேட்டறிந்த செய்தியாளர் சில மணி நேரத்தில் கூறுவர். ஏன் என்பதற்கு நாட்களோ திங்களோ ஆகும். முதல் மணி நேரத்திலேயே காரணத்தையும் குற்றவாளியையும் உறுதியாகக் கூறும் செய்தி, அச்சில் வரினும் திரையில் வரினும், ஐயத்திற்குரியதே.

நாளிதழின் குறைகள்

நாளிதழ் பொறுப்புடையது என்று கூறுவதற்குச் சட்ட அடிப்படை உண்டு. 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டப்படி, ஒவ்வொரு இதழிலும் அச்சிடுவோர், வெளியிடுவோர், ஆசிரியர் ஆகியோர் பெயர் இடம்பெற வேண்டியதாயிற்று. இதழின் அடியில் காணப்படும் அச்சிறு வரியை வாசகர் பெரும்பாலும் படிப்பதில்லை. ஆயின், வழக்குத் தொடுக்கவும் மறுப்பு அனுப்பவும் வழி செய்வது அவ்வரியே. அப்பழைய சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியப் பத்திரிகைக் கழகத்திடமும் வாசகர் முறையிடலாம். எனினும் கழகம் கண்டிக்க வல்லதேயன்றித் தண்டிக்க வல்லதன்று.

பெயர் அச்சிடப்பட்டிருத்தல் மட்டுமே உண்மைக்கு உறுதியாகாது. 2009-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வேட்பாளரிடம் பணம் பெற்று அவரைப் புகழ்ந்து எழுதியவற்றைச் செய்தி போல வெளியிடும் வழக்கம் பல மாநிலங்களில் வெளிப்பட்டது. ஆந்திரத்தில் பத்திரிகையாளர் சங்கத்தினரே அதனை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தனர். 2010-இல் பத்திரிகைக் கழகம் இதுபற்றி அறிக்கை தந்தது. மேலும், சிற்றூர்ச் செய்தியாளர் பலர் மாதச் சம்பளமின்றி, அனுப்பும் செய்தியின் அளவுக்கேற்பச் சிறு தொகை பெறுவோராவர். விளம்பரம் திரட்டும் சுமையும் அவர்கள்மேல் விழுவதுண்டு. விளம்பரம் தருவோரைப் பற்றிக் குறை எழுத அவர்கள் தயங்குதல் இயல்பே. அதிகாரி கூறியதை மட்டும் எழுதி அமைதல் மற்றொரு குறையாகும். இக்குறைகளை ஈடுசெய்யக் குடிமக்கள் தரும் செய்தி தேவைப்படுகிறது. ஆகவே, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்த்தலே அறிவுடைமையாகும்.

சலிக்கும் முறை

செய்தியைச் சலித்தல் என்பது எதையும் நம்பாதிருத்தல் என்று சிலர் கருதுவர். சல்லடையின் பயன் உமியைக் கழிப்பதோடு மாவைப் பெறுவதுமாகும். எல்லாவற்றையும் ஐயுறுவோர் ஏரிக்கரை உடையும் என்னும் உண்மையான எச்சரிக்கையையும் ஐயுற்று உயிரிழக்க நேரிடும். எனவே, வரும் செய்தியிடம் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் நன்று.

1. கண்டவர் யார்? செய்தியை அனுப்பியவர் கண்டவராயின் அது சாட்சியம். அவருக்கு ஒருவர் அனுப்ப, அவருக்கு மற்றொருவர் அனுப்பியதாயின், முதலில் கண்டவரைச் சென்றடையும் வரை அது வெறும் சொல்லே.

2. எந்த இடம், எந்த நாள்? படத்திலுள்ள பலகையின் மொழி, பேருந்தின் நிறம், ஊர்தி எண்ணின் முதல் எழுத்துகள், உடை, மழையா வெயிலா என்பவை இடத்தையும் காலத்தையும் உணர்த்தும். ‘நேற்று’, ‘நம் ஊரில்’ என்னும் சொற்கள் எந்த நாளிலும் எந்த ஊரிலும் பொருந்துவன. அவற்றை நாளாகவும் ஊராகவும் கொள்ளலாகாது.

3. விடை கூறுவோர் யார்? பெயரும் முகவரியும் உடைய ஒருவர், தவறு நேரின் திருத்தும் வழக்கமுடையவராக இருத்தல் வேண்டும். திருத்தம் வெளியிடும் இதழை மக்கள் குறைத்து மதிப்பதுண்டு. உண்மையில், திருத்தமே வெளியிடாத வாயிலைத்தான் ஐயுற வேண்டும்.

4. தொடர்பில்லாத வேறு வாயில்கள் கூறுவது யாது? ஒரே வாசகம் இருபது குழுக்களில் வருவதால் இருபது சான்றுகள் ஆகிவிடா. சொற்களும் விவரங்களும் வேறுபட்டு, கருத்தில் ஒத்துவருவனவே தனித்தனிச் சான்றுகளாகும்.

5. இச்செய்தி எனக்குப் பொருந்துமா? செய்தி உண்மையாயினும், இவ்வூருக்கும் இவ்வுடலுக்கும் இந்நாளுக்கும் பொருந்துமா என்பதைத் துறையறிந்தவரிடம் கேட்டறிதல் வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட குடும்பத் தலைவருக்குத் துணை கிட்டாமற் போனது இக்கேள்வியில்தான்.

நான்காவது கேள்வியின் பயனை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2017-இல் எடுத்துக்காட்டியது. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 10 வரலாற்றுப் பேராசிரியர்களையும் 25 மாணவர்களையும் செய்தி சரிபார்க்கும் தொழில்புரிவோர் 10 பேரையும் ஒரே பக்கங்களைப் படித்து மதிப்பிடச் செய்தனர். பேராசிரியரும் மாணவரும் அப்பக்கத்தையே கூர்ந்து படித்துப் பலமுறை ஏமாந்தனர். சரிபார்ப்போர் அப்பக்கத்தைச் சிறிதே நோக்கிவிட்டு, அதனை வெளியிட்டவர் யார் என்று பிற இடங்களில் தேடினர். விரைவாகவும் சரியாகவும் முடிவு கண்டனர். ஒருவரது நேர்மையை அவர் வீட்டுக்குள்ளேயே அமர்ந்து அறிய இயலாது. அண்டை அயலாரைக் கேட்க வேண்டும் என்று நம் முன்னோர் பெண் கொடுக்கும் முன் கைக்கொண்ட முறையும் இதுவே.

ஓர் ஆவணத்தைப் படித்தல்

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் திருமலை லட்டுப் பிரசாதத்திற்கு வாங்கப்பட்ட நெய்யில் கலப்படம் உள்ளதென எழுந்த செய்தி நாடெங்கும் பரவியது. அக்டோபர் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மத்தியப் புலனாய்வுத் துறை, மாநிலக் காவல்துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அலுவலர்களைக் கொண்ட ஐவர் குழுவை விசாரணைக்கு அமைத்தது. கலப்படத்தைப் பற்றி முடிவு கூறுதல் நம் நோக்கமன்று. மாணவர்க்குப் பயன்படும் இரு செய்திகளை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது: குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வகத்தின் அறிக்கைப் பக்கங்கள் கைபேசிகளில் பரவின. அவற்றிலிருந்த அட்டவணையைப் பலர் படித்தனர். மாட்டுத் தீவனத்தின் தன்மை போன்ற சில காரணங்களால் சோதனை தவறான முடிவைக் காட்டவும் கூடும் என்று அதே அறிக்கையில் இருந்த எச்சரிக்கைக் குறிப்பைச் சிலரே படித்தனர். நீதிமன்றத்தில் அக்குறிப்பும் கேள்விக்குரியதாயிற்று. ஆவணத்தைக் காட்டும் செய்தியாயினும், முழு ஆவணமா, அதன் ஒரு பகுதியா என்று நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது: அந்நெய்யை வழங்கியது அமுல் நிறுவனம் என்று சமூக வலைத்தளங்களில் சிலர் எழுதினர். தாங்கள் திருமலைக்கு ஒருபோதும் நெய் வழங்கியதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்ததுடன், அகமதாபாத்தில் காவல்துறையிடம் முறையிட்டது. ஒரு பெரிய செய்தி தோன்றும்போது, அதனருகில் தொடர்பற்ற பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். பால் விற்று வாழும் இலட்சக்கணக்கான சிறு உழவர் குடும்பங்கள் ஒரு கூட்டுறவின் பெயரை நம்பி இருப்பதை எண்ணினால், இப்பிழையின் கனம் விளங்கும்.

இயந்திரம் சலிப்பது

பெருகிவரும் செய்திகளை இயந்திரமே சலித்துத் தந்துவிடாதா என்று கேட்போர் உளர். இயந்திரம் சலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் சல்லடை வேறு. வாசகர் எதனைத் தொட்டார், எதில் நெடுநேரம் நின்றார் என்பதைக் கணக்கிட்டு, அதனை ஒத்ததையே மேலும் தரும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. நோயைப் பற்றி அஞ்சி ஒருமுறை பார்த்தவருக்கு நோயைப் பற்றிய காட்சிகளே வரிசையாக வரும். விருப்பத்தையும் அச்சத்தையும் அது அளக்கிறது, உண்மையை அளப்பதில்லை.

2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்று, 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்தது. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி பிறரால் மீண்டும் அனுப்பப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. பொய் புதுமையாக இருப்பதும் வியப்பூட்டுவதும் காரணங்களாகும். பரப்பியோர் பெரும்பாலும் மனிதரே என்பதும் அதன் முடிவு.

வேகத்தைக் குறைத்தல் ஓரளவு பயன் தரும். 2018-ஆம் ஆண்டு உயிரிழப்புகளுக்குப் பின் வாட்ஸ்அப் நிறுவனம், அனுப்பப்பட்ட செய்தி என்று குறியிடவும், இந்தியாவில் ஒரே முறையில் 5 பேருக்கு மேல் அனுப்ப இயலாதவாறும் செய்தது. 2020 ஏப்ரலில் பன்முறை பரவிய செய்தியை ஒரே முறையில் ஒருவருக்கே அனுப்ப இயலும் என்றாக்கியது. இவை கதவுக்குத் தாழிடுவது போன்றவை. வந்தவர் யார் என்று கேட்கும் பணி வீட்டாருடையதே.

அலுவலர் கடமை

வதந்தி வெற்றிடத்தில் வளர்வது. அலுவலகம் வாய்திறக்கத் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிறர் பேசுவதற்கு விட்டுத் தரும் நேரமாகும். ‘விவரம் கிடைத்தபின் அறிவிப்போம்’ என்று காத்திருத்தல் முன்னாளில் எச்சரிக்கையாகக் கருதப்பட்டது. இந்நாளில், தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, அடுத்த அறிவிப்பு இத்தனை மணிக்கு என்று முதல் மணி நேரத்திலேயே கூறுதலே முறையாகும். தெரியாததைத் தெரியாது என்று கூறும் அலுவலரை மக்கள் அடுத்த முறை நம்புவர்.

2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒருவர் கேட்கும் முன்னரே பொது அலுவலகங்கள் தம் விவரங்களைத் தாமாக வெளியிட வேண்டும் எனப் பணிக்கிறது. ஏரியின் நீர்மட்டம், மருத்துவமனையின் நோயாளி எண்ணிக்கை, சீட்டு வழங்கும் நேரம் ஆகியவை இப்பிரிவின் உணர்வுக்கு உட்பட்டவையே. எல்லை வட்டாரங்களில் இவ்வறிவிப்புகள் தெலுங்கில் மட்டுமன்றித் தமிழிலும் வெளிவருதல் நலம். வதந்தி இரு மொழி பேசும்போது மறுப்பு ஒரு மொழியில் நின்றுவிடலாகாது.

எனினும், அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தானே இறுதி நடுவராதல் பொருந்தாது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் பொய் எது என்று குறிக்கும் அதிகாரத்தை அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கு அளித்த 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் நீக்கியது. அலுவலர் தம் பக்கத்து விவரத்தைச் சான்றுடன் விரைந்து தரலாம். அதனைப் பிறவற்றுடன் ஒப்பிட்டு முடிவு காணும் உரிமை வாசகருடையது. சரியான குறையைச் சுட்டும் குடிமகனின் படத்தை வதந்தி என்று ஒதுக்கிய அலுவலகம், பின்னர் உண்மையான வதந்தியை மறுக்கும்போது அதன் சொல் எடுபடாது.

முடிவுரை

நாளிதழ் நெடுநாள் பயின்ற ஒழுங்கை உடையது; குடிமக்கள் செய்தி அண்மையும் விரைவும் உடையது. ‘நவோதயம்’ இதழின் பெண்கள் இவ்விரண்டும் ஒருங்கே அமையலாம் என்பதைக் காட்டினர். கத்வால் காவலர்கள், சலிக்கும் பணிக்கு ஊருக்குள் ஓர் ஆள் தேவை என்பதைக் காட்டினர். பள்ளி மாணவர் ஒருவர் வீட்டிலுள்ள முதியோருக்கு வரும் செய்தியை மேற்கூறிய ஐந்து கேள்விகளால் ஆராய்ந்து சொல்லலாம். ஊர்ச் செவிலியரும், ஆசிரியரும், மகளிர் குழுத் தலைவியும் அப்பணியைச் செய்யலாம்.

ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகில் மாண்ட அம்மனிதர் அறிவிலியல்லர், அன்பற்றவருமல்லர். குடும்பத்தின்மேல் கொண்ட அன்பே அவரைத் தனிமைப்படுத்தியது. அவரது வாசலுக்குச் சென்று, ‘நீர் பார்ப்பது உண்மையே, ஆனால் உமக்கு வந்திருப்பது அதுவன்று’ என்று கூற ஒருவர் இருந்திருப்பின் அவர் வாழ்ந்திருக்கக் கூடும். ஒவ்வோர் ஊரிலும் அவ்வொருவரை உருவாக்குதல் செய்தித் துறையின் பணி மட்டுமன்று. வளர்ச்சித் துறையின் பணியுமாகும்.